நாற்பத்துமூன்று உழுந்து

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு வடையோடு சேர்ந்து கிடைத்தது.

சுவிஸில், பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் ஒரு வாடகை மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம், 'கணக்கும் எங்கட சனமும்' என்று ஒரு பேச்சு. பேச்சு முடிய வடையும் தேத்தண்ணியும் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நான் இருக்கிற ஷ்லீரனிலிருந்து பேர்னுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் ரயில். கணக்குக்காக அவ்வளவு தூரம் போகிற ஆள் நான் இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் கணக்கு வாத்தியாரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனவள். வடைக்காகப் போனேன் என்று எழுதி வைக்கிறேன். இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்வேன், அல்லது சொல்லாமலே விடுவேன். முடிக்கிறபோது எவ்வளவு துணிவு மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

என்னை விட்டால் கதையில் மூன்று பேர். லக்சாயினி, முப்பத்திரண்டு வயது, இங்கே பிறந்தவள், புள்ளிவிவரம் அவளுடைய தொழில். அன்று பேசியவள் அவள்தான். மனோகரி, ஐம்பத்துநான்கு வயது, முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தைப் பத்தொன்பது வருடமாகத் தன் கையில் வைத்திருப்பவர். யோகாம்பாள், அந்த மண்டபத்துச் சமையலறைக்குப் பொறுப்பு. கலியாணம் என்றாலும் கணக்கு என்றாலும் அங்கே அவர் சுட்ட வடைதான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எண்களை மாற்றவில்லை, லக்சாயினி விடமாட்டாள்.

2

முதல் தொடக்கம்: "மனோகரி கடிதத்தை உடைத்தபோது வெளியே பனி—"

[வேண்டாம். சுவிஸில் நடக்கிற கதை என்றாலே பனி கொட்டவேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர்கள் எதிர்பார்க்கிறார்கள். அது ஜூன் மாதம். மண்டபத்தில் ஒரேயொரு காற்றாடி, அதுவும் பிரதம விருந்தினரின் பக்கம் திரும்பியிருந்தது.]

இரண்டாவது தொடக்கம்: "மார்பகப் பரிசோதனையில் இருந்து வந்த இரண்டாவது கடிதம் மனோகரியின் கையில் நடுங்க—"

[இதையும் வெட்டினேன். கதையில் ஒரு கடிதம் நடுங்கினால் வாசகர் உடனே சவப்பெட்டிக்கு அளவெடுக்கத் தொடங்கிவிடுவார். கதைகளில் இருமியவர் யாராவது வெறும் தடிமன் சளியோடு தப்பியிருக்கிறாரா? எங்கள் தொழில் அப்படி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.]

மூன்றாவது: "ஆயிரம் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கோ."

இது லக்சாயினி மேடையில் தொடங்கிய வசனம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஆயிரம் பெண்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கடிதம் வந்ததும் போய் மார்பகத்தைப் படம் எடுக்கிறார்கள். தொள்ளாயிரத்து ஐம்பது பேருக்கு எல்லாம் சரி என்று பதில் வருகிறது. ஐம்பது பேருக்கு, இன்னொரு தரம் வாருங்கள், வடிவாகப் பார்க்கவேண்டும் என்று இரண்டாவது கடிதம் வருகிறது. அந்த ஐம்பது பேரில் எத்தனை பேருக்கு நோய் என்று லக்சாயினி கேட்டாள்.

முன்வரிசையில் ஒருவர் நாற்பது என்றார். பின்னால் ஒரு குரல், ஐம்பதும்தான் என்றது.

"அஞ்சு," என்றாள் லக்சாயினி. "மற்ற நாப்பத்தஞ்சு பேருக்கும் ஒண்டுமில்லை. பத்துப் பேரைத் திருப்பிக் கூப்பிட்டா ஒன்பது பேர் சும்மா வீட்டை வருவினம். ஆனபடியா கடிதம் வந்தா பயப்படாதேங்கோ. பயப்படாமல் போங்கோ."

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாதபடியால் இங்கே: இந்த எண்கள் மண்டபத்துக்காக அவள் உருட்டித் திரட்டியவை. நாட்டுக்கு நாடு, வயதுக்கு வயது மாறும். இதை அவள் மூன்று தரம் சொன்னாள். 'போங்கோ' என்பதை இரண்டு தரம்தான் சொன்னாள்.)

சொன்னால் மட்டும் போதாது, கையால் தொட்டால்தான் சனத்துக்கு விளங்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. அதற்காக வீட்டிலிருந்து அம்மாவின் பித்தளைச் செம்பைக் கொண்டு வந்திருந்தாள். அதற்குள் தோல் நீக்கிய வெள்ளை உழுந்து நாற்பத்தைந்து, தோலோடு கறுப்பு உழுந்து ஐந்து, எண்ணிப் போட்டது. திரையைச் சரிசெய்யப் போகும்போது செம்பை யோகாம்பாளிடம் கொடுத்திருந்தாள். அவர் அதைக் கொண்டுபோய் மேடையில், பிள்ளையார் படத்துக்கு முன்னால், ஏற்றிய குத்துவிளக்கடியில் வைத்தார். எங்கள் ஆட்களிடம் ஒரு செம்பைக் கொடுத்தால் வேறு எங்கே வைப்பார்கள்.

ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடிக்கொண்டு ஓர் உழுந்தை எடுக்கவேண்டும், எல்லோருக்கும் காட்டவேண்டும், திருப்பிப் போடவேண்டும். இருபத்துமூன்று பேர் வந்தார்கள். நான் பதினொன்றாவது ஆள். வெள்ளை.

எல்லோருக்கும் வெள்ளை. ஒவ்வொரு வெள்ளைக்கும் மண்டபம் கைதட்டியது. பதினெட்டாவது ஆளும் வெள்ளையைத் தூக்கிக் காட்டியபோது லக்சாயினிக்குச் சந்தேகம் தட்டியது. பத்தில் ஒன்று கறுப்பு என்றால், இருபத்துமூன்று பேரும் தொடர்ந்து வெள்ளை எடுப்பது நூறு மண்டபங்களில் ஒன்பதில்தான் நடக்கும். நடக்காத காரியம் இல்லை. ஆனால் அவள் படித்த படிப்புக்கு, அந்த இடத்திலேயே செம்பைக் கவிழ்த்துப் பார்த்திருக்கவேண்டும். அவள் பார்க்கவில்லை. தமிழில் தான் பேசுவது இவர்களுக்கு விளங்குமோ என்று ஒரு மாதமாகப் பயந்திருந்தவள். இப்போது எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தச் சிரிப்பை அவளால் கெடுக்க முடியவில்லை.

இருபத்துமூன்றாவது ஆள் மனோகரி. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மற்றவர்களைவிட நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்தது. எடுத்த உழுந்தைப் பார்த்தார். பிறகு கையைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். கூச்சமாக்கும் என்று லக்சாயினி நினைத்தாள்.

(இன்னொரு அடிக்குறிப்பு. இங்கே பிறந்தவர்களுக்குப் பூக்கட்டிப் பார்ப்பது தெரியாமல் இருக்கலாம். ஒரு காரியத்தில் மனம் தெளியாவிட்டால், வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனித் தாளில் மடித்துச் சாமிக்கு முன்னால் போட்டு, கும்பிட்டு, ஒன்றை எடுக்கிறது. வெள்ளை வந்தால் நல்லது. கலியாணத்துக்கும் காணிக்கும் ஒப்பரேசனுக்கும் இப்படிப் பார்த்து முடிவெடுத்த சனம் நாங்கள். விளக்கடி, பிள்ளையார், செம்பு, மூடின கண், வெள்ளை. லக்சாயினி கணக்குச் செய்து காட்டியதாகத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.)

4

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யோகாம்பாள் தொலைபேசி எடுத்தார். தூண் நகரத்திலும் வந்து பேசச் சொல்லிக் கேட்கிறார்களாம். அந்தச் சந்தோஷப் புளுகத்தோடு இதையும் சொன்னார்.

"பிள்ளை, அண்டைக்குச் சொல்ல மறந்துபோனன். உம்மட உழுந்துக்குள்ள அஞ்சாறு கறுப்புக் கிடந்தது. எல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சுபோட்டுத்தான் விளக்கடியில வைச்சனான். அடுத்தமுறை வேற கடையில வாங்கும்."

லக்சாயினி இடைமறித்தாள். "அன்ரி, அந்தக் கறுப்பு நான் வேணுமெண்டு போட்டது."

"உழுந்துக்குள்ள ஆர் பிள்ளை வேணுமெண்டு கறுப்புப் போடுறது?"

நாற்பது வருடமாக உழுந்து ஊறப்போடுகிற கை. வெள்ளைக்குள் கறுப்பைக் கண்டால் அது தன்பாட்டில் பொறுக்கும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அதை விடும்," என்றார் யோகாம்பாள். "மனோகரிதான் உம்மைக் கும்பிடுறா. அவவுக்கு அந்த ரெண்டாவது கடிதம் வந்து ஒரு கிழமையா நித்திரை இல்லை. அண்டைக்கு வெள்ளை வந்தவுடனை மனம் தெளிஞ்சிட்டுதாம். உழுந்தைக் கொண்டுபோய் சாமித்தட்டில வைச்சிருக்கிறா. இண்டைக்குப் பத்தரைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில டெர்மின் குடுத்திருக்கினம். போகமாட்டன் எண்டு வேலைக்குப் போட்டா."

லக்சாயினி செம்பை மேசையில் கவிழ்த்து எண்ணினாள். நாற்பத்துமூன்று. கறுப்பு ஒன்றுகூட இல்லை. நாற்பத்தைந்து வெள்ளையில் இரண்டு குறைகிறது. ஒன்று மனோகரியின் சாமித்தட்டில். மற்றது நாற்காலிக்கடியில் எங்கேயாவது உருண்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மணி ஒன்பது பதினேழு. மனோகரி போகாமல் விட்டு, பத்தில் அந்த ஒருவராக இருந்துவிட்டால், அதற்கு யார் பொறுப்பு என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வடிவான கணக்கு, வடிவான தமிழ், வடிவான செம்பு, எல்லாம் அவளுடையவை.

செம்பைத் துடைத்தாள். அலுமாரியிலிருந்து கறுப்பு உழுந்துப் பக்கற்றை எடுத்து, செம்புக்குள் ஒரு பிடி போட்டாள். முழுக்கக் கறுப்பு. இன்னொரு தரம் எடுக்கச் சொன்னால் மனோகரிக்குக் கறுப்புத்தான் வரும். கறுப்பு வந்தால் அடித்துப்பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவார். அது பச்சைப் பொய், ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்கிற பொய். சட்டைப்பையில் வீட்டுத் திறப்பையும் கைப்பையில் செம்பையும் போட்டுக்கொண்டு ஏழாம் நம்பர் டிராமுக்கு ஓடினாள்.

5

[டிராம் வரட்டும். அதற்கிடையில் ஒரு சந்தேகம்.

மனோகரியை நீங்கள் மடைச்சி என்று நினைத்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். முதல் பிரதியில் நானே அவரைக் கொஞ்சம் அப்படித்தான் எழுதினேன், லேசாக இருந்தது. ஆனால் அவர் தன் வரிப்படிவத்தைத் தானே நிரப்புகிறவர். சலவைக்கூடத்தின் மூன்று இயந்திரங்களுக்கும் எத்தனை கிலோ, எத்தனை பாகை என்று மனப்பாடம். பத்தில் ஒன்பது என்பது அவருக்கு நன்றாகவே விளங்கியது.

அவருக்குத் தேவைப்பட்டது அதற்கு அடுத்த கேள்வி: நான் ஒன்பதிலா, ஒன்றிலா? அதற்குக் கணக்கில் பதில் இல்லை. கணக்கு ஆயிரம் பெண்களைத்தான் பார்க்கும், ஒரு மனோகரியைப் பார்க்காது. விளக்கடியில் இருந்த செம்பு அவரைப் பார்த்துப் பதில் சொன்னது. பதில் சொல்கிற பக்கம் சாய்வது மடமை என்றால், நான் வேறு ஆட்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டிவரும்.]

6

சலவைக்கூடம் நிலத்துக்குக் கீழே. மனோகரி படுக்கைவிரிப்புகளை மடித்துக்கொண்டு நின்றார். லக்சாயினியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன பிள்ளை, வேலைக்குப் போகேல்லையோ?"

"அன்ரி, அண்டைக்கு அந்தச் செம்புக்குள்ள கறுப்பே இருக்கேல்லை. யோகாம்பாள் அன்ரி முதலே பொறுக்கிப்போட்டா. எனக்கு இப்பதான் தெரியும்."

மனோகரி விரிப்பின் மற்றத் தலைப்பைப் பிடித்தார். "அப்ப எல்லாருக்கும் வெள்ளையோ?"

"ஓம்."

"உமக்கு அண்டைக்கு ஒண்டும் விளங்கேல்லையோ? இவ்வளவு படிச்சனீர்."

லக்சாயினி பொய் சொல்லியிருக்கலாம். "பதினெட்டாவது ஆளில சந்தேகம் வந்தது."

"பிறகேன் நிப்பாட்டேல்லை?"

"எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிண்டவை, அன்ரி."

இயந்திரம் ஒன்று சுழன்று ஓய்ந்தது. மனோகரி மடித்த விரிப்பை அடுக்கில் வைத்தார், அடுத்ததை எடுத்தார். கோபப்படுவார் என்று லக்சாயினி காத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

"பிள்ளை, நீர் ஒண்டை யோசிக்கேல்லை. யோகாம்பாள் ஏன் பொறுக்கினவ? ஆர் பொறுக்கச் சொன்னது? எனக்குக் கறுப்பு வரக்கூடாதெண்டு பிள்ளையார் முதலே எடுப்பிச்சிட்டார். அப்பிடியும் இருக்கலாம்தானே?"

சுவர் மணிக்கூட்டில் ஒன்பது நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரிக்கு டிராமில் இருபது நிமிடம், நடை ஐந்து. லக்சாயினி செம்பை வெளியே எடுத்தாள்.

"இன்னொருக்கா எடுத்துப் பாப்பமோ, அன்ரி?"

7

மனோகரி ஈரக் கையைத் துடைத்தார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. செம்புக்குள் கையை விட்டார். விரல் நுனியில் கறுப்பாக—

[இதற்குப் பிறகு ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. மனோகரி கறுப்பைப் பார்க்கிறார், சுவரைப் பிடிக்கிறார், ஓடுகிறார், சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார். வாசித்த நண்பி ஒருத்தி கண்ணீர் விட்டாள். ஆனால் அப்படி நடக்கவில்லை. நடந்ததாக எழுதினால், சனத்துக்கு உண்மை சொன்னால் ஏறாது, பொய்தான் மருந்து என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். லக்சாயினி இனி எந்த மேடையிலும் ஒரு செம்போடு நிற்க முடியாது. கிழித்துப்போட்டேன்.]

நடந்தது இது. மனோகரி கண்ணை மூடிக் கையை நீட்டியபோது லக்சாயினி செம்பைப் பின்னால் இழுத்தாள். அப்படியே மடித்த விரிப்புகளின் மேல் கவிழ்த்தாள். வெள்ளைத் துணி முழுக்கக் கறுப்பு உழுந்து உருண்டு ஓடியது.

மனோகரி கண்ணைத் திறந்தார்.

"இது முழுக்கக் கறுப்பு," என்றாள் லக்சாயினி. "உங்களை ஏமாத்தத்தான் கொண்டு வந்தனான்."

மனோகரி துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அண்டைக்கு முழுக்க வெள்ளை, இண்டைக்கு முழுக்கக் கறுப்பு. நல்ல கணக்குப் பிள்ளை."

"செம்பு பொய் சொல்லும், அன்ரி. அண்டைக்கும் சொன்னது, இண்டைக்கும் சொல்லப் பாத்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தா எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர் திருப்பிக் கூப்பிடுறது இன்னொருக்கா எடுத்துப் பாக்க இல்லை. கவிட்டுப் பாக்கத்தான்."

"பிள்ளையார் எடுப்பிச்சது எண்டா?"

"அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ. யோகாம்பாள் அன்ரி அதைப் பொறுக்கேக்குள்ள கண்ணைத் திறந்துகொண்டுதானே பொறுக்கினவ. நீங்களும் கண்ணைத் திறந்து பாக்கவேணும்."

மனோகரி அடுத்த விரிப்பை நெடுநேரம் மடித்தார். நெடுநேரம் என்று எழுதுகிறேன், மணிக்கூட்டில் மூன்று நிமிடம்கூட இல்லை. தன் வாழ்நாளில் எந்தப் பரீட்சையிலும் அப்படிப் பயந்ததில்லை என்று லக்சாயினி பிறகு சொன்னாள்.

மனோகரி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவினார்.

"நீரும் வாரும். ஆனா உள்ளுக்க வரவேண்டாம், வாசல்ல நில்லும். அதுக்கு முதல் இந்த உழுந்தைப் பொறுக்கும். ஒண்டு மெசினுக்குள்ள போனாலும் எனக்குத்தான் பேச்சு விழும்."

லக்சாயினி முழங்காலில் நின்று பொறுக்கினாள். மனோகரி போனில் மேலாளருக்குத் தகவல் சொன்னார். பத்து நாலு டிராமில் ஏறினார்கள். பத்து இருபத்தொன்பதுக்கு அந்தக் கதவு மனோகரிக்குப் பின்னால் மூடியது.

8

பிறகு?

அந்தக் கேள்வியை நானும் கேட்டேன். இரண்டு கிழமை கழித்து, ஒய்ரோபாபிளாட்ஸ் டிராம் நிறுத்தத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்து லக்சாயினி இவ்வளவையும் எனக்குச் சொன்னாள். முடிவு என்ன என்று கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"அது மனோகரி அன்ரியின்ர. எனக்குச் சொன்னவ. உங்களுக்குச் சொல்லச் சொல்லேல்லை."

சரி, நானே ஒன்றைக் கட்டலாம் என்று இருந்தேன். ஒன்றுமில்லை, சுகமாக வீட்டுக்கு வந்தார் என்று எழுதினால், வாசிக்கிறவர்களில் ஒருத்தி, பார்த்தாயா, வெள்ளை உழுந்து சரியாகத்தான் சொன்னது என்பாள். அவளுடைய கடிதம் மேசையிலேயே கிடக்கும். நோய் இருந்தது, ஆனால் வேளைக்குக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதினால் கதைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் இன்று கையில் கடிதத்தோடு இதை வாசிக்கிறவளுக்கு நித்திரை போய்விடும். கதைகள் எப்போதும் பத்தாவது பெண்ணைத்தான் தெரிவு செய்கின்றன. ஒன்பது பேரை விட்டுவிடுகின்றன. சனம் நாற்பது, ஐம்பது என்று சொன்னதற்கு எங்களைப் போன்றவர்களும் காரணம் என்று லக்சாயினி அந்த வாங்கில் வைத்து என் முகத்துக்கு நேரே சொன்னாள். வலித்தது, ஆனால் பிழை என்று சொல்ல முடியவில்லை.

அந்த ஒன்பதில் ஒருத்தியை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இரண்டாவது கடிதம் வந்தது. போனேன். ஒன்றுமில்லை என்றார்கள். ஷ்லீரன் ஸ்டேஷனில் இறங்கி ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டு இரவு வேலைக்குப் போனேன். அதை யாரும் கதையாக எழுதவில்லை. எழுதுகிற நானே எழுதவில்லை.

ஆகவே மனோகரியின் முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக்கொண்டாலும், அது உங்கள் பயமா, உங்கள் ஆசையா, கணக்கா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லாமல் விட்ட மற்றக் காரணம் இது. இந்த வருடமும் எனக்கு இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது, அந்தப் பேச்சுக்கு மூன்று நாள் முன்னால். டெர்மினை இரண்டு தரம் தள்ளிப்போட்டேன். பதினொன்றாவது ஆளாக மேடைக்குப் போனபோது கண்ணை மூடிக்கொண்டு நான் கேட்டதும் மனோகரி கேட்டதும் ஒன்றுதான். வெள்ளையைத் தூக்கிக் காட்டினேன், திருப்பிப் போடுகிற மாதிரிக் கையை விட்டேன், போடவில்லை. நாற்பத்துமூன்றாகக் குறைந்ததில் மற்ற உழுந்து நாற்காலிக்கடியில் உருளவில்லை. திருநீற்றுத் தாளில் சுற்றி என் கைப்பைக்குள் இருந்தது. அன்று டிராம் நிறுத்தத்துக்குப் போனதும் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான். கொடுக்காமல் கதை கேட்டுக்கொண்டு வந்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. என் டெர்மின் செவ்வாய்க்கிழமை எட்டே முக்காலுக்கு. கதையை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். செவ்வாய்க்குப் பிறகு என்றால் என் கையில் ஒரு முடிவு இருக்கும், அதைக் கொண்டுவந்து மனோகரியின் தலையில் கட்டிவிடுவேன்.

காலையில் தோசைக்கு உழுந்து ஊறப்போட்டேன். தாளைப் பிரித்து அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். இப்போது தேடினாலும் எது அது என்று எனக்கே தெரியாது.